கொக்குக் கதவைத் தேடி: சார்ல்ஸ்டனில் ஐந்து நாள்

முதல் நாள்

"அப்பா, ஊருக்குத் திரும்புறதுக்குள்ள எந்த இடத்தைப் பாக்கணும், சொல்லுங்க" என்று மகள் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. அமெரிக்காவில் சார்லட் நகரில் அவள் வீட்டுக்கு வந்த முதல் வாரம், நூலகத்தில் ஒரு படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஓர் இரும்புக் கதவு. நடுவில் கழுத்தை வளைத்துக்கொண்டு ஒரு கொக்கு. எங்கேயும் வெல்டிங் பற்று தெரியவில்லை. படத்தின் கீழே சார்ல்ஸ்டன் என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு மாதமாக அது என் மனதில் நின்றுகொண்டே இருந்தது.

பாளையங்கோட்டையில் முப்பத்தோரு வருடம் கிரில் பட்டறை வைத்திருந்தவன் நான். ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, காம்பவுண்டு கேட். எனக்கு முன்னால் என் அப்பா கிராமத்துக் கொல்லாசாரி. அவரிடம் வெல்டிங் மெஷின் கிடையாது. உலை, துருத்தி, சம்மட்டி, பட்டடைக்கல் அவ்வளவுதான். ஏழு வயதில் அந்தத் துருத்தியை நான் ஊதியிருக்கிறேன்.

சார்லட்டிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு மூன்றரை மணி நேரம். வழியில் கொலம்பியா, தென் கரோலைனாவின் தலைநகரம். அங்கே கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். மாநிலச் சட்டமன்றத் தோட்டத்தில் இரும்பில் செய்த ஒரு மரம் நிற்கிறது என்று படித்திருந்தேன்.

போய்ப் பார்த்தால், பனை! நம்ம ஊர்ப் பனை இல்லை, இந்த மாநிலத்துக்காரர்கள் பால்மெட்டோ என்று சொல்லும் சிறு பனை. ஆனாலும் தூரத்திலிருந்து பார்க்கும்போது திருச்செந்தூர்ச் சாலையில் நிற்கிற உணர்வு வந்துவிட்டது. விசிறி விசிறியாக ஓலை, அடியில் பழைய மட்டை வெட்டிய தழும்பு. 1846 முதல் 1848 வரை நடந்த மெக்சிகோ போரில் இறந்துபோன இந்த மாநிலத்து வீரர்களின் நினைவாக வைத்தது. செய்தவர் கிறிஸ்டஃபர் வெர்னர், ஜெர்மனியிலிருந்து வந்து சார்ல்ஸ்டனில் பட்டறை போட்டவர்.

பனைக்கு இங்கே இவ்வளவு மரியாதை ஏன் என்று மகள் சொன்னாள். 1776 ஜூன் 28 அன்று பிரிட்டிஷ் கப்பல்கள் சார்ல்ஸ்டன் துறைமுகத்தைத் தாக்கின. வாசலில் இருந்த கோட்டை முழுசாகக் கட்டி முடிக்கப்படாதது. பனங்கட்டைகளை அடுக்கி நடுவில் மணல் கொட்டியிருந்தார்கள். பீரங்கிக் குண்டு பட்டால் அந்தக் கட்டை பிளக்கவில்லை, நார் குண்டை உள்வாங்கிக்கொண்டது. கப்பல்கள் திரும்பிப் போயின. அந்த நினைவாகத்தான் பனை இந்த மாநிலத்தின் கொடியில் இருக்கிறது. பனையின் நார் எப்பேர்ப்பட்டது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருட்டும்போது சார்ல்ஸ்டன் வந்து சேர்ந்தோம். மனைவி கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டாயிற்று. நாளை காலையில் நடை.

இரண்டாம் நாள்

ஆறரைக்கே கிளம்பிவிட்டேன். மார்ச் கடைசி என்பதால் காலையில் லேசான குளிர். சுவர்களில் ஊதாக் கொத்து கொத்தாக விஸ்டீரியா தொங்குகிறது. ஒருபுறம் ஆஷ்லி ஆறு, மறுபுறம் கூப்பர் ஆறு, நடுவே நாக்கு மாதிரி நீண்ட நிலம். அதில்தான் பழைய ஊர். ஆங்கிலேயர் 1670இல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியேறி, பத்து வருடம் கழித்து இந்த இடத்துக்கு மாறியிருக்கிறார்கள்.

வீடுகள் தெருவுக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி நிற்கின்றன. தெருவைப் பார்த்திருப்பது வீட்டின் குறுகிய பக்கம். நீளவாட்டில் ஒரு தாழ்வாரம், அதை ஒட்டித் தோட்டம். அதனால் தெருவில் போகிறவன் கண்ணுக்குப் படுவதெல்லாம் மதிலும் கேட்டும்தான். வீட்டுக்காரனின் ரசனை முழுவதும் அந்தக் கேட்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்த ஊரில் இரும்பு இவ்வளவு செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் நிறத்தைச் சொல்ல வேண்டும். எல்லாக் கதவும் கறுப்பு என்றுதான் நினைத்தேன். வெயில் ஏறியதும் பார்த்தால் கறுப்புக்குள் பச்சை ஒளிந்திருக்கிறது. இதற்குச் சார்ல்ஸ்டன் பச்சை என்றே பெயர். உள்நாட்டுப் போர் முடிந்தபின் வடக்கிலிருந்து வந்த கறுப்புப் பெயின்ட்டில் இவர்கள் கொஞ்சம் மஞ்சளைக் கலந்தார்கள், அதுதான் இது என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, உப்புக்காற்று அடிக்கிற ஊரில் பெயின்ட் அடிப்பதை நிறுத்தினால் இரும்பு நிற்காது. தூத்துக்குடிக்குக் கேட் செய்து கொடுத்த எனக்கு அது தெரியும்.

பிராட் தெருவில் 116ஆம் எண் வீடு. 1763இல் ஜான் ரட்லெட்ஜ் கட்டியது. அமெரிக்க அரசியலமைப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் அவர் ஒருவர். இரும்பு வேலை மட்டும் தொண்ணூறு வருடம் கழித்து, 1853இல் வந்தது. நேற்றுப் பார்த்த பனையைச் செய்த அதே வெர்னர். இங்கேயும் பனையை வைத்திருக்கிறார், கூடவே கழுகு. ஒன்று மாநிலம், ஒன்று நாடு. வாசல் முன் நடைபாதையில் நின்று ஒவ்வொரு சட்டமாகப் பார்த்தேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே எழுதுவது விளங்காது. அலங்கார இரும்பு இரண்டு வகை. ஒன்று வார்ப்பு. இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றுவது. அச்சு ஒன்று இருந்தால் நூறு பூவும் ஒரே பூதான். கரி அதிகமாகச் சேர்ந்த இரும்பு அது, கடினம்தான், ஆனால் ஓங்கி அடித்தால் உடையும். இன்னொன்று தேனிரும்பு. உலையில் பழுக்கவைத்துச் சம்மட்டியால் அடித்து, இழுத்து, சுருட்டிச் செய்வது. கரி மிகக் குறைவு, உள்ளே மரம் மாதிரி நார் ஓடும், வளையும். அதில் இரண்டு சுருள் ஒன்றுபோல இருக்கவே இருக்காது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒன்று சற்றுத் தடித்திருக்கும், ஒன்றின் முனை கொஞ்சம் அதிகம் உருண்டிருக்கும்.

இரண்டு கம்பிகள் சேரும் இடத்தைப் பார்த்தால்தான் முழு உண்மையும் தெரியும். இப்போது நாங்கள் செய்வதுபோல அங்கே பற்று வைக்கவில்லை. சுருளும் சட்டமும் தொடும் இடத்தில் சின்னதாக ஓர் இரும்புப் பூண் போட்டுச் சுற்றியிருக்கிறார்கள், உலக்கைக்குப் பூண் போடுகிற மாதிரி. சூட்டோடு சுற்றிவிட்டால், ஆறும்போது சுருங்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடங்களில் ஒரு கம்பியின் முனையை மெலிதாக அடித்து, இன்னொன்றில் போட்ட துளையில் நுழைத்து, மறுபக்கம் தலையைத் தட்டிப் பரப்பியிருக்கிறார்கள். நூற்றைம்பது வருடக் கதவு தொய்யாமல் நிற்பது இந்தப் பூணாலும் துளையாலும்தான். நான் பூணையே பார்த்துக்கொண்டு நின்றதில் மகளும் மனைவியும் காபி குடித்துவிட்டே வந்துவிட்டார்கள்.

செயின்ட் மைக்கேல் தேவாலயம் அங்கிருந்து சில நிமிட நடை. 1752இல் தொடங்கி 1761இல் திறந்தது. வெள்ளைக் கோபுரம். எல்லோரும் கழுத்தை நிமிர்த்திக் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். நான் பக்கத்திலிருக்கும் கல்லறைத் தோட்டத்துக் கதவுக்குப் போனேன். பெரிய பெரிய சுருள்கள், ஜாடி உருவங்கள், மேலே வளைவு. அந்த வளைவில் ஒரு பெயர்: யூஸ்டி. கூடவே லத்தீனில் ஒரு சொல், செய்தான் என்று பொருள். யூஸ்டியும் ஜெர்மன்காரர். வெர்னர், யூஸ்டி, ஆர்ட்மன் மூவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊர் இரும்பைத் தூக்கி நிறுத்திய ஜெர்மன்காரர்கள்.

இவ்வளவு கதவுள்ள ஊரில் செய்தவன் பெயரைத் தாங்கி நிற்பது அபூர்வம். அதனால் அந்தப் பெயருக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன்.

பிற்பகல் லெகரே தெரு. எழுதுவது ஒரு மாதிரி, இங்கே வாயில் வருவது லெக்ரீ. 32ஆம் எண்ணில் இருப்பதுதான் இந்த ஊரிலேயே பேர்போன வாள் கதவு. நிமிர்ந்து நிற்கும் ஈட்டிகள், அவற்றின் குறுக்கே வாள்கள். நகரக் காவல் நிலையத்துக்காக 1838 வாக்கில் வெர்னர் செய்தது. ஒரு ஜோடி கேட்டதற்கு, தவறாகப் புரிந்துகொண்டு இரண்டு ஜோடி செய்துவிட்டார் என்றும், மிஞ்சிய ஜோடியை 1849இல் ஜார்ஜ் ஹாப்லி என்பவர் வாங்கித் தன் வீட்டில் மாட்டினார் என்றும் சொல்கிறார்கள். வேலை அபாரம், மறுக்க முடியாது. ஆனால் என் மனம் அதில் ஒட்டவில்லை. எதற்குக் காவல் நிலையத்துக்கு இப்படி ஒரு கதவு என்ற கேள்வி வந்துவிட்டது. இரவு ஓட்டலில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தேன். பதில் நாளைக்குப் போகவேண்டிய தெருவில் இருக்கிறது.

மூன்றாம் நாள்

கிங் தெரு, 27ஆம் எண். மைல்ஸ் புரூட்டன் வீடு. 1769 வாக்கில் கட்டி முடிந்தது. முகப்பில் இரண்டடுக்குத் தூண், தெருவோரம் இரும்பு வேலி. வேலியின் மேல் இன்னொன்று இருக்கிறது. கிடையாக ஒரு கம்பி, அதிலிருந்து நாலா பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும் நீண்ட கூர்முனைகள். குதிரைப்படையைத் தடுக்கப் போர்க்களத்தில் வைக்கிற முள்தடுப்பின் வடிவம் அது. வீட்டு வேலியில் வைத்திருக்கிறார்கள்.

இது 1822க்குப் பிறகு வந்தது. அந்த வருடம் டென்மார்க் வீசி என்ற தச்சர் அடிமைகளைத் திரட்டி ஒரு கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார். அவரும் அடிமையாக இருந்தவர்தான். 1799இல் லாட்டரியில் 1,500 டாலர் விழுந்தது. அதில் 600 டாலர் கொடுத்துத் தன்னையே விலைக்கு வாங்கி விடுதலையானவர். திட்டம் முன்கூட்டியே வெளியே தெரிந்துவிட்டது. ஜூலை 2 அன்று வீசியைத் தூக்கிலிட்டார்கள். மொத்தம் 35 பேர். நகரத்தின் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர்களாக இருந்த காலம் அது. பணக்கார வீடுகளில் பயம் புகுந்துகொண்டது. அந்தப் பயம்தான் இந்த முள்ளாக வேலிமேல் நிற்கிறது.

நான் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. எங்கள் தொழிலிலும் கேட்டுக்கு மேல் கூர் வைக்கச் சொல்வார்கள். திருடன் ஏறக்கூடாது என்பார்கள், வைத்துக் கொடுப்போம். இங்கே யாரை நினைத்துக் கூர் வைத்தார்கள்? வீட்டுக்குள் சமைத்துப் போட்டவர்களையும் தெருவில் கல் சுமந்தவர்களையும். இன்னும் ஒன்று இருக்கிறது. அக்காலத்துப் பட்டறைகளில் உலை ஊதியவர்களிலும் சம்மட்டி அடித்தவர்களிலும் பலர் அடிமைகள். வாடகைக்கு விடப்பட்ட அடிமைக் கொல்லர்கள் இந்த ஊரில் சாதாரணம். தன் இனத்தைத் தடுக்கும் முள்ளைத் தானே கூர்தீட்ட வேண்டியிருந்தவன் எவனாவது இருந்திருப்பான். அந்த எண்ணத்தோடு பார்க்கும்போது அந்தக் கூர்முனைகளின் நேர்த்தியே நெஞ்சைக் குத்துகிறது.

அங்கிருந்து சால்மர்ஸ் தெரு. உருண்டைக் கற்கள் பாவிய தெரு, நடக்கும்போது மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கேதான் பழைய அடிமைச் சந்தை, இப்போது அருங்காட்சியகம். 1859 முதல் இந்த இடத்தில் மனிதர்களை ஏலம் விட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பு ஏலம் வெளித்தெருவில் நடந்தது. 1856இல் நகராட்சி அதைத் தடைசெய்த பிறகுதான் இப்படிக் கட்டடத்துக்குள் வந்தது. உள்ளே விலைப்பட்டியல் இருக்கிறது. வயது, வேலை, விலை. மனைவி பாதியிலேயே வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த ஊர்ச் செங்கற்கள் சிலவற்றில் விரல் தடம் இருக்கிறது. ஈர மண்ணாக இருக்கும்போது அடிமைகள், அவர்களில் குழந்தைகளும் உண்டு, கையில் எடுத்து அடுக்கியபோது பதிந்தது. சூளையில் சுட்டு நிரந்தரமாகிவிட்டது. வழியில் ஒரு சுவரில் அப்படி ஒன்றை மகள் காட்டினாள். மூன்று சின்ன விரல். என் விரலை வைத்துப் பார்க்க மனம் வரவில்லை.

இரும்பில் விரல் பதியாது. ஆனால் சம்மட்டி பதியும். பெயின்ட்டுக்கு அடியில், தடவினால் தெரிகிற மாதிரி, சின்னச் சின்னப் பள்ளமும் தட்டையுமாக. பெயர் எழுதிவைக்காத அந்தக் கொல்லர்களின் அடையாளமாக எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். இனிமேல் பார்க்கிற ஒவ்வொரு கதவையும், வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளாத இடத்தில், கையால் தொட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் சந்தைப் பக்கம் போனோம். இனிப்புப் புல்லில் கூடை முடையும் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கைவேலை, சுருள் சுருளாகச் சுற்றித் தைப்பது. நெல் புடைக்கும் அகன்ற முறமும் இதே முறையில் செய்ததுதான். இந்தக் கடற்கரை ஒரு காலத்தில் நெல்லால் பணக்கார ஊரானது. வயலை வெட்டி மடை கட்டி நட்டவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள். ராத்திரி தக்காளி போட்ட சிவப்புச் சோறு சாப்பிட்டோம். தட்டில் சோற்றைப் பார்த்ததும் மனைவிக்கு முகம் தெளிந்தது.

நான்காம் நாள்

மழை. கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டதால் தாழ்வான தெருக்களில் கணுக்கால் அளவு தண்ணீர். மழை இல்லாவிட்டாலும் பெரிய ஏற்றத்தன்று வடிகால் வழியாகக் கடல் தெருவுக்கு வந்துவிடும் ஊர் இது. நடக்கவேண்டியதைக் குறைத்துக்கொண்டு காரிலேயே சுற்றினோம்.

காரிலிருந்து பார்க்கத் தோதானது ஒன்று இருக்கிறது. பல வீடுகளின் சுவரில், மாடித் தளத்தின் மட்டத்தில், வட்டமாக அல்லது நட்சத்திரமாக இரும்புத் தட்டுகள். சிலவற்றில் சிங்க முகம். முதல் நாள் இதை அலங்காரம் என்றே நினைத்தேன். 1886 ஆகஸ்ட் 31 இரவு இங்கே பெரிய நிலநடுக்கம். சுமார் 60 பேர் இறந்தார்கள், ஊரில் அநேகமாக எல்லாக் கட்டடமும் அடிபட்டது. வெளியே சாய்ந்த சுவர்களை இழுத்துப் பிடிக்க வீட்டின் குறுக்கே நீண்ட கம்பிகளை ஓட்டி, இரண்டு முனையிலும் தட்டு வைத்து, மரை போட்டு முறுக்கினார்கள். அந்தத் தட்டுதான் வெளியே தெரிகிறது. இன்னொரு நடுக்கம் வந்தால் இது தாங்குமா என்று பொறியாளர்களுக்குள் பேச்சு இருக்கிறது. அன்றைக்கு உடைந்த வீட்டைத் திரும்பக் கூட்டிக் கட்டிய மனிதர்களுக்கு இது பெரிய தைரியம் கொடுத்திருக்கும்.

மத்தியானம் மீட்டிங் தெருவில் உள்ள கட்டடக் கலைக் கல்லூரிக்குப் போனோம். 1989இல் ஹியூகோ புயல் ஊரைப் புரட்டிப் போட்டது. கூரையும் சுவரும் கதவும் சரிசெய்ய ஆள் தேடியபோது, பழைய முறையில் வேலை தெரிந்தவர்கள் கைவிரலில் எண்ணுமளவுக்குத்தான் இருந்தார்கள். அந்தக் கவலையில் பிறந்தது இந்தக் கல்லூரி. பழைய டிராம் கொட்டகையில் நடக்கிறது. கல், மரம், சாந்து, இரும்பு என்று கைத்தொழில்களை நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்கலாம். கொல்லு வேலைக்குப் பட்டம்! இதைக் கேட்க என் அப்பா இல்லையே என்று இருந்தது.

உள்ளே சுற்றிக் காட்டினார்கள். உலைக்கு முன்னால் ஒரு பெண், இருபது வயது இருக்கும். கம்பியை உள்ளே வைத்து நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். மஞ்சள் வந்ததும் இடுக்கியால் எடுத்து, பட்டடையின் கொம்பில் வைத்து, நாலே தட்டில் முனையைச் சுருட்டினாள். அடித்த சத்தம் எனக்கு அப்படியே பழைய சத்தம். இரும்பில் ஒரு தட்டு, வெறும் பட்டடையில் லேசாக ஒரு தட்டு. அந்த இரண்டாவது தட்டுக்குள் அடுத்த அடி எங்கே என்று கை யோசித்துக்கொள்ளும். அப்பாவும் அப்படித்தான் அடிப்பார். கடலுக்கு அந்தப் பக்கமும் கை ஒரே மாதிரிதான் யோசிக்கிறது.

"நீங்களும் இந்த வேலையா?" என்று அந்தப் பெண் கேட்டாள். மகள் எனக்காகப் பதில் சொன்னாள். அவள் கம்பியை ஆறவைத்து என் கையில் கொடுத்தாள். சுருளின் உள்முனை சுத்தமாக, மீன்வால் மாதிரி விரிந்திருந்தது. எனக்கு அவ்வளவு சுத்தமாக வர ஐந்து வருடம் ஆகியிருக்கும் என்று சொல்லச் சொன்னேன். அது உண்மை.

ஐந்தாம் நாள்

வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். இன்று முழுவதும் ஃபிலிப் சிம்மன்ஸ்.

1912இல் பக்கத்திலிருக்கும் டேனியல் தீவில் பிறந்தவர். எட்டு வயதில் படிக்க இந்த ஊருக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பட்டறைகள். தீப்பொறியில் மனம் போய்விட்டது. பதின்மூன்று வயதில் பீட்டர் சிம்மன்ஸ் என்ற கொல்லரிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஒரே பெயர், ஆனால் உறவில்லை. பீட்டர் அடிமையாகப் பிறந்தவர். மூன்றாம் நாள் நான் தேடிக்கொண்டிருந்த பெயரில்லாத கைகளில் ஒன்று இங்கே பெயரோடு வந்து நிற்கிறது. அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு வேலை வந்திருக்கிறது.

ஆரம்பத்தில் செய்ததெல்லாம் குதிரை லாடமும் வண்டிச் சக்கரமும். எங்கள் அப்பாவும் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுவார். வரட்டியை வட்டமாக அடுக்கித் தீ வைத்து, பட்டை பழுத்ததும் நாலு பேர் இடுக்கியில் தூக்கிச் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். மரம் கிறீச்சென்று கத்தும். அப்புறம் டயர் வண்டி வந்தது, டிராக்டர் வந்தது. அப்பாவின் உலை அணைந்தது. சார்ல்ஸ்டனிலும் கார் வந்தது, வண்டி போனது. சிம்மன்ஸ் மட்டும் அந்தச் சமயத்தில் அலங்கார வேலைக்குத் திரும்பினார். பழைய கதவுகளைப் பழுதுபார்த்து அதிலிருந்தே கற்றுக்கொண்டார். கிங் தெருவில் ஒரு துணிக்கடைக்காரர் புதுக் கதவு கேட்டார். இரண்டாம் உலகப் போரில் இரும்பு கிடைக்காத சமயம், துண்டு துக்காணி இரும்பைச் சேர்த்துச் செய்து கொடுத்தார். 97 வயதில் 2009இல் இறக்கும்போது கதவு, கிராதி, ஜன்னல் கம்பி என்று 500க்கு மேற்பட்ட வேலைகள் இந்த ஊரில் நின்றன.

காலையில் முதலில் ஈஸ்ட் பே தெரு 329, கேட்ஸ்டன் வீடு. கிறிஸ்டஃபர் கேட்ஸ்டன் விடுதலைப் போர்க் காலத்துத் தலைவர், மஞ்சள் கொடியில் சுருண்ட பாம்பு போட்டவர். அதை நினைத்து சிம்மன்ஸ் கதவில் சாரைபோல நீண்டு சுருண்ட ஒரு கிலுகிலுப்பைப் பாம்பை வைத்தார். முதலில் செய்தபோது அது செத்த பாம்பு மாதிரி இருந்ததாகவும், கண்ணைத் திரும்பத் திரும்பச் செய்துதான் உயிர் வந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். கண் என்பது ஒரு சின்னத் தட்டு, ஒரு உளி வெட்டு. அதற்கு அவ்வளவு நாள். சிற்பிகள் கண் திறப்பதைக் கடைசியாக வைப்பது சும்மாவா?

பிறகு ஆன்சன் தெருவில் அவர் கும்பிட்ட செயின்ட் ஜான் தேவாலயம். அவர் பெயரில் சின்னத் தோட்டம், இதய வடிவக் கதவு. 1976இல் வாஷிங்டன் நாட்டுப்புறக் கலை விழாவில் மக்கள் முன்னாலேயே உலை வைத்து நட்சத்திரமும் மீனும் உள்ள கதவு ஒன்றைச் செய்தார். அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. 1982இல் நாட்டின் பாரம்பரியக் கலைக்கான தேசிய விருது கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் அவர் வீடு மாறவில்லை.

பத்தரை மணிக்கு செயின்ட் மைக்கேல் சந்து. இரண்டாம் நாள் யூஸ்டியின் பெயரைப் பார்த்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். அன்றைக்கு எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பியிருந்தேன். 2ஆம் எண். கொக்கு நின்றது.

படத்தில் பார்த்தபோது பெரிதாகத் தோன்றியது. நேரில் அடக்கமாக இருக்கிறது. கழுத்து ஒரே கம்பி. தலையிலிருந்து உடம்புக்கு வருகிற வளைவில் எங்கேயும் தயக்கம் இல்லை. ஒரே சூட்டில் வளைத்திருந்தால்தான் அப்படி வரும். தாமிரபரணிக் கரை வயலில் உழவு நடக்கும்போது கலப்பைக்குப் பின்னால் வருகிற கொக்கு இப்படித்தான் நிற்கும், பார்வையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு. வாள் கதவில் ஒட்டாத மனம் இங்கே ஒட்டிக்கொண்டது. அந்தக் கதவு வருகிறவனைப் பயமுறுத்தச் செய்தது. இது வருகிறவன் ஒரு நிமிடம் நிற்கட்டும் என்று செய்தது. தெருவில் யாரும் இல்லை. ஒரு சட்டத்தின் ஓரத்தை மட்டும் மெல்லத் தொட்டேன். தட்டையும் பள்ளமுமாகச் சம்மட்டி இருந்தது.

கடைசியாக பிளேக் தெரு, 30½, சிம்மன்ஸ் வாழ்ந்த வீடு. ஆமாம், அரை எண். மகள் முன்கூட்டியே ஃபோனில் கேட்டு நேரம் வாங்கியிருந்தாள். சின்ன வீடு, இப்போது அருங்காட்சியகம். பின்னால் தகரக் கொட்டகையில் பட்டறை. 2007இல் நாட்டிலேயே அழியும் ஆபத்தில் உள்ள 11 வரலாற்று இடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள், அப்புறம்தான் காப்பாற்ற ஆள் சேர்ந்தது. அவர் பழக்கிய உறவுக்காரப் பையன்கள் தொழிலைத் தொடர்ந்தார்கள்.

கொட்டகைக்குள் கரி வாசனை. சுவர் முழுக்க இடுக்கி. தட்டை வாய், உருண்டை வாய், ஓநாய் வாய் மாதிரி வளைந்தது. ஒவ்வொரு வேலைக்கும் கொல்லன் தனக்குத் தானே செய்துகொள்கிற இடுக்கிகள் அவை. ஒன்றின் பிடி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. நடுவில் பட்டடைக்கல், கொம்பு மழுங்கி, முகத்தில் பள்ளம் விழுந்து. அதன் முன்னால் நின்றபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மனைவி எதுவும் கேட்கவில்லை.

காருக்கு வந்ததும் பாளையங்கோட்டைக்கு ஃபோன் போட்டேன். அங்கே இரவு ஒன்பதரை. என்னிடம் பதினெட்டு வருடம் இருந்து, இப்போது பட்டறையை எடுத்து நடத்துகிற தம்பிதான் எடுத்தான்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்டா. அப்பாவோட பட்டடைக்கல் பின்னால கிடக்குமே, இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. வேப்பமரத்தடியில. மேல தண்ணி டிரம் வச்சிருக்கோம்."

"டிரம்மை எடுத்துரு. துருவைத் தேய்ச்சு, எண்ணெய் போட்டு உள்ள கொண்டு வை. நான் வர்ற வரைக்கும் யாரும் அது மேல எதையும் வைக்கக் கூடாது."

"சரி அண்ணாச்சி. காலையிலேயே எடுத்துருதேன்."

மகள் வண்டியைக் கிளப்பினாள்.